முதல் பழம் அறுக்க வேண்டியவன்

1

என் அண்ணன் மகளின் நிலத்தை நான் என் பெயருக்கு எழுதிக்கொண்டேன். அவள் அப்போது சிறுமி. அவளுக்குக் காப்பாளனாக இருப்பேன் என்று ஊரார் முன்னால் ஒப்புக்கொண்டவன் நான். போலிப் பத்திரம் எழுதவில்லை, யாரையும் மிரட்டவில்லை. அதெல்லாம் தேவைப்படவே இல்லை. படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். நான் சொன்னேன், அவர்கள் தலையாட்டினார்கள்.

எனக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன நகரத்தில், அச்சு இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் பொறியாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் கொல்லிமலையில் பைல் நாடு என்ற பகுதியில் ஒரு சிற்றூர். எங்கள் சாதிக்கு மலையாளி என்று பெயர். இங்கே வந்த புதிதில் அப்படிச் சொன்னால், கேரளத்துக்காரர்கள் மகிழ்ந்து மடமடவென்று அவர்கள் மொழியில் பேசத் தொடங்கிவிடுவார்கள். நான் வேறு மலையாளி என்று விளக்கி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும். பிறகு விளக்குவதை விட்டேன். மெல்ல மெல்ல ஊரைப் பற்றிப் பேசுவதையே விட்டேன். அதற்குக் காரணம் முதல் வரியில் இருக்கிறது.

2

போன வருடம் என் மகள் வள்ளி உயில் எழுதப் போவதாகச் சொன்னாள். அவளுக்கு ஒரே பெண் குழந்தை, லீனா. கணவனைப் பிரிந்து வாழ்கிறாள். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தையை யார் வளர்ப்பது என்று உயிலிலேயே பெயர் குறிப்பிடலாம் என்பது இங்கே சட்டம். நீங்களும் வாங்க, இரண்டு பேர் உயிலையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றாள். அவள் சொன்னது 'நீங்களும்' என்றல்ல, 'நீயும்' என்று. அவள் தமிழில் எல்லோரும் 'நீ'தான். அவளிடம் தமிழ் பேசியவர்கள் நானும் இறந்துபோன என் மனைவியும் மட்டும். நாங்கள் அவளை 'நீ' என்றோம். அவள் அதையே திருப்பிக் கற்றுக்கொண்டாள்.

டிராமில் போகும்போது சொன்னாள். "லீனாவுக்கு காத்ரின் பேரைக் குடுத்திருக்கேன் அப்பா. கோவிச்சுக்காதே."

காத்ரின் அவளோடு வேலை செய்பவள். நல்ல பெண். சொந்தத்தில் யார் பெயரும் தோன்றவில்லையா என்று கேட்டேன்.

"யார் இருக்கா? நீ யாரைப் பத்தியும் சொன்னதே இல்லையே."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

இந்த நாட்டில் உயிலையும் பத்திரத்தையும் எழுதித் தரும் சட்ட அலுவலரை நோட்டார் என்பார்கள். எங்கள் நோட்டார் ஓர் அம்மாள். கையெழுத்துப் போடுமுன் பத்திரம் முழுவதையும் அவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அது மரியாதைக்காகச் செய்வது இல்லை, சட்டமே அப்படி. படிக்காத பத்திரம் செல்லாது. எழுதப் படிக்கத் தெரிந்த பேராசிரியர் வந்து உட்கார்ந்தாலும் ஒரு வரி விடாமல் படிப்பார். பூசாரி மந்திரம் சொல்வதுபோல் ஒரே சுருதியில், வேகமாக. நான் அசந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் மலையில் எத்தனை பேர், தங்கள் கைரேகைக்கு மேலே என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலே செத்துப்போனார்கள்.

இங்கே எனக்கு 'ஹெர் ஆண்டி' என்று பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. என் பெயர் சின்னையன். அதை இங்கே யாரும் சொல்வதில்லை. வேலையில், வங்கியில், ஆஸ்பத்திரியில், எங்கேயும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். நான் எழுந்து போவேன்.

அந்த அம்மாள் படித்துக்கொண்டே இந்தியாவில் உள்ள அசையாச் சொத்து என்ற பத்திக்கு வந்தார். இரண்டு துண்டு நிலம். நிறுத்தி, வழக்கமான கேள்வியாக, இவை இரண்டும் உங்களுடையவைதானே ஹெர் ஆண்டி என்று கேட்டார்.

ஆம் என்று சொன்னால் போதும். இத்தனை வருடம் எத்தனையோ படிவங்களில் எழுதியதுதான். ஆனால் இதுவரை யாரும் என் முகத்தைப் பார்த்து, என் அப்பா பெயர் சொல்லிக் கேட்டதில்லை. ஒன்று என்னுடையது, மற்றது என்னுடையது அல்ல என்றேன்.

பிறகு யாருடையது?

"என் அண்ணன் மகளுடையது. ராமாயி என்று பெயர்."

நோட்டார் பேனாவை மேசைமேல் வைத்தார். வள்ளி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு ஒரு அக்கா இருக்காளா?" என்றாள் தமிழில்.

அன்றைக்கு நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

3

அண்ணன் வெள்ளையனை மிளகுதான் கொண்டுபோனது. எங்கள் பக்கம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருப்பார்கள். ஒற்றை மூங்கிலைச் சாத்தி, கணுவில் கால் வைத்து ஏறிப் பறிக்க வேண்டும். ஒரு நாள் மூங்கில் சுழன்றுவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் சில நாள் கிடந்தார். அண்ணி அதற்கு முன்பே பிரசவத்தில் போய்விட்டிருந்தாள். ராமாயிக்கு ஆறு வயது. நான் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு, ஜெர்மனிக்குப் புறப்பட இருந்தேன்.

பெண்ணுக்கு நிலத்தில் பங்கு தரும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆனால் ஆண் வாரிசு இல்லாத தகப்பன், உயிரோடு இருக்கும்போதே ஊரைக் கூட்டி வாயால் சொல்லி மகளுக்கு விட்டால் அது செல்லும். அண்ணன் கட்டிலில் கிடந்தபடி சொன்னார். பிள்ளையை எங்கள் அக்கா வளர்க்கட்டும், நிலத்துக்குத் தம்பி பொறுப்பு என்றார். ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன்.

அதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. மலை முழுக்க உண்டா என்று எனக்குத் தெரியாது. சிறு பிள்ளையின் நிலத்துக்குப் பொறுப்பேற்பவன் அந்த நிலத்தில் ஒரு பலாக்கன்று நட வேண்டும். கன்றும் பிள்ளையும் சேர்ந்து வளரும். மரம் முதன்முதலாகக் காய்த்துப் பழுத்ததும், நட்டவனே வந்து முதல் பழத்தைத் தன் கையால் அறுத்து, ஊர் பார்க்கப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். அதோடு நிலம் பிள்ளைக்கு வந்துவிடும். அந்தப் பழத்தில் ஒரு சுளைகூட அவன் தின்னக் கூடாது. அவன் அறுத்துக் கொடுக்கும்வரை வேறு யாரும் அந்த மரத்தில் கத்தி வைக்கக் கூடாது.

கருமாதி முடிந்த மறுநாள் கன்றை நட்டேன். ராமாயிதான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். இது எப்போது காய்க்கும் என்று கேட்டாள். நீ பெரிய பிள்ளை ஆனதும் காய்க்கும் கண்ணு என்றேன். அந்த வாரமே மலை இறங்கினேன்.

4

சில வருடம் கழித்து நான் விடுமுறையில் வந்திருந்தபோது நில அளவைக்கு ஆள் வந்தார்கள். புதிதாகப் பட்டா கொடுக்கப் போகிறார்கள், யார் யார் பெயர் என்று சொல்லுங்கள் என்றார்கள். அண்ணன் நிலத்தில் நின்றுகொண்டு சர்வேயர் என்னிடம்தான் கேட்டார். அங்கே பேன்ட் போட்டிருந்தவன் நான் ஒருவன்.

மைனர் பெயரில் எழுதினால் கார்டியன், கோர்ட்டு என்று பின்னால் அலைய வேண்டியிருக்கும், இப்போதைக்கு என் பெயரில் இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அக்கா, தம்பி சொன்னால் சரி என்றாள். அளக்கும் சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. ராமாயி ஓடி வந்து பிடித்தாள். சர்வேயர் சொன்ன இடத்துக்கெல்லாம் சிரித்துக்கொண்டே ஓடினாள். தன் காட்டைத் தன் கையாலேயே எனக்கு அளந்து கொடுத்தாள்.

அன்றைக்கு என் மனத்தில் களவு இருந்ததா என்று பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பட்டா கைக்கு வந்து, அதில் என் பெயரைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் நினைவிருக்கிறது. அது காப்பாளனுக்கு வர வேண்டிய சந்தோஷம் இல்லை.

மரம் காய்த்திருக்கிறது, வந்து அறுத்துக் கொடு என்று அக்கா சொல்லி அனுப்பினாள். லீவு இல்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வருடம் இந்தியா வந்தேன், மலையடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டி வரைக்கும் வந்தேன். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தபடி மேலே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலைக்குப் போகும் பஸ் வந்தது, போனது. நான் நாமக்கல்லுக்குத் திரும்பிவிட்டேன். அங்கே தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். உங்கள் வழக்கப்படி பெண்ணுக்குப் பங்கு இல்லை, பட்டாவும் உங்கள் பெயரில், அந்தப் பெண் மேஜராகி மூன்று வருடம் கேட்காமல் விட்டால் அப்புறம் கேட்பது கஷ்டம் என்றார்.

அந்த மூன்று வருடம் கடக்கும்வரை நான் ஊருக்கே வரவில்லை. சட்டத்தில் எது எனக்கு வசதியோ அதையும், வழக்கத்தில் எது வசதியோ அதையும் எடுத்துக்கொண்டேன். பலாமரம் மட்டும் எனக்கு வசதிப்படவில்லை. அதை மறந்தேன்.

எதற்காக? அந்த நிலத்திலிருந்து ஒரு படி மிளகுகூட எனக்கு வந்ததில்லை. பக்கத்திலேயே என் பங்கு இருந்தது, அதுவே எனக்கு அதிகம். இங்கே வாடகை வீட்டில், வேறு பெயரில் வாழ்கிறவனுக்கு, மலையில் பெரிதாக ஒன்று தன் பெயரில் இருக்கிறது என்ற எண்ணம் வேண்டியிருந்தது. அவ்வளவு அற்பமான காரணம்தான்.

அதற்கு ராமாயி கொடுத்த விலை அற்பமானது இல்லை. அவள் என் அக்கா மகன் சடையனைக் கட்டிக்கொண்டு அந்தக் காட்டிலேயே பாடுபட்டாள். பட்டா இல்லாததால் பயிர்க்கடன் கிடையாது, மோட்டாருக்குக் கரன்ட் கிடையாது, அரசாங்கம் கட்டித்தரும் வீடு கிடையாது. சூறைக்காற்றில் மிளகுமரங்கள் சாய்ந்த வருடம் நிவாரணத்துக்கு எழுத வந்தவர்கள், சின்னையன் யார், அவரை வரச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். அக்கா சாகும்வரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சாவுக்கும் நான் போகவில்லை.

5

பங்குனி வெயிலில் போய் இறங்கினேன். பஸ் நிற்கும் இடத்தில் சடையன் காத்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"வாங்க மாமா. வழி தெரிஞ்சுதுங்களா?" என்றான். பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

ராமாயி வாசலில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வாங்க சித்தப்பா என்றாள். தண்ணீர் கொடுத்தாள். அண்ணன் முகம் அப்படியே இருந்தது. நான் விமானத்தில் ஒத்திகை பார்த்து வந்த பேச்செல்லாம் போய்விட்டது. காட்டை உன் பேருக்கு எழுதிக் கொடுக்க வந்திருக்கிறேன், தப்பு செய்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அவள் மறுபடி உட்கார்ந்து கிழங்கைக் கையில் எடுத்தாள்.

"பத்தரம் கெடக்கட்டுங்க சித்தப்பா. மொதல்ல போயி மரத்தப் பாத்துட்டு வாங்க."

சடையன் கூட்டிப் போனான். மேட்டில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. நான் நட்டது ஒரு கன்று. அங்கே ஒரு காடு நின்றது.

நடுவில் தாய்மரம். இரண்டு பேர் கைகோத்தாலும் எட்டாத அடிமரம், வேரிலிருந்தே பிஞ்சுகள். அதைச் சுற்றிப் பலா, பலா, பலா. ஓட்டு வீட்டுக்கு மேலே தலை தூக்கியவை, ஆள் உயரத்தில் நின்றவை, முழங்கால் உயரம், நேற்றுத்தான் கொட்டையைப் பிளந்துகொண்டு இரண்டு இலையோடு எழுந்தவை. வெயில் உள்ளே இறங்கவில்லை. தரையில் சருகுக்கு அடியில் எங்கே கால் வைத்தாலும் பழைய கொட்டைகள் நெறுநெறுத்தன.

"யாரும் கத்தி வெக்கலீங்க மாமா," என்றான் சடையன். "வருசா வருசம் பழுக்கும், உழுகும். கொரங்கு திங்கும், பன்னி திங்கும். மிச்சம் மொளைக்கும். வாசம் மட்டும் எங்களுக்கு."

நீங்கள் ஒன்றுகூடத் தின்றதில்லையா என்றேன்.

"அவ உட்டாத்தான? காத்துல எல்லாம் சாஞ்ச வருசம் ஊட்டுல ஒண்ணுமில்லீங்க. கொடுவாளத் தூக்கிக்கிட்டு வந்தேன். மரத்துக்கு முன்னால வந்து நின்னுக்கிட்டா. சித்தப்பா வருவாருன்னா. உங்க சித்தப்பன் எங்கடி வரப்போறான், பேளுக்குறிச்சி சந்தைக்கே வழி மறந்திருப்பான்னு சொன்னேன். கோவத்துல சொன்னதுங்க, தப்பா நெனைக்காதீங்க."

குட்டி மரங்களும் சில காய்த்திருந்தனவே, அவற்றைப் பறிக்கலாமே என்று கேட்டேன். தாய்மரத்துக்கே இன்னும் கட்டு நீங்காதபோது பிள்ளை மரத்தை எப்படித் தொடுவது என்று அவள் அதற்கும் விடவில்லையாம்.

எல்லைக்கல்லைத் தாண்டி என் பங்கு நிலத்துக்குள்ளும் பலாக்கன்றுகள் இறங்கியிருந்தன. நான் சருகுமேல் உட்கார்ந்தேன். மூன்று வருடம் கேட்காமல் விட்டால் உரிமை போய்விடும் என்று வக்கீல் சொன்னதை நம்பி நான் ஒளிந்திருந்தேன். இவள் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. என்னுடைய வேலை இன்னும் முடியவில்லை என்பதை மட்டும், ஒரு பழத்தையும் தொடாமல், வருடா வருடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். எத்தனை தேவாலயங்களில், எத்தனை பனிமலைகளில் அண்ணாந்து நின்றிருக்கிறேன். அந்தப் பலாக்காட்டில் நின்றதுபோல் எங்கேயும் நின்றதில்லை.

திரும்பி வந்ததும் ராமாயி சொன்னாள். "அறுத்துக் குடுத்துட்டு அப்பறம் பத்தரம் எழுதுங்க. பத்தரம் மொதல்ல எழுதுனா நீங்க எனக்குக் குடுத்த மாதிரி ஆயிரும். இது எங்கப்பன் குடுத்தது."

காய்கள் அப்போது முழங்கை அளவு. பழுக்க வைகாசி ஆகும். எனக்கு இதயத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள், அதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் எல்லாம் சட்டப்படி என் மகளுக்குப் போய்விடும் என்று விளக்கினேன்.

"இத்தன வருசம் சாகாம இருந்தீங்கல்ல. இன்னும் ரெண்டு மாசம் இருங்க," என்றாள்.

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

6

டிக்கெட்டைத் தள்ளிப் போட்டேன். மனம் கேட்காமல், அந்த நிலம் ராமாயிக்கே என்று ஒரு உயிலை முழுக்க என் கையால் எழுதி, இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி வைத்தேன். ராமாயி அதைத் தொடவில்லை. சடையன் வாங்கி சாமை வைக்கும் குதிருக்குள் செருகினான்.

இதற்கிடையே பத்திர வேலைக்காக மலை இறங்கி ஏறினேன். கீழே பத்திரம் எழுதுபவர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பட்டாவில் சின்னையன், தகப்பனார் ஆண்டி. பாஸ்போர்ட்டில் ஆண்டி என்பவர்தான் ஆள். "அய்யா, இந்தக் கணக்குக்கு உங்கப்பா செர்மனியில இருக்காரு, நீங்க செத்துட்டீங்க," என்றார். இருவரும் ஒருவரே என்று சான்றிதழ் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். சின்ன வயதுக்காரர், பணிவாகப் பேசினார். எனக்கு உங்களைத் தெரியாதுங்க, ஊர் சொல்லட்டும், நான் சீல் வைத்துத் தருகிறேன் என்றார்.

ஊர் கூடியது. இப்போதைய ஊர்க்கவுண்டர் என்னைவிட இளையவர், பழைய கவுண்டரின் மகன். வெற்றிலையை மென்று முடித்துவிட்டுப் பேசினார்.

"ஏனுங்க, இவருதான் அவருன்னு நாங்க எப்படிங்க எழுதறது? சின்னையன்னு ஒருத்தரு பலாக்கன்னு நட்டுட்டுப் போனாருன்னு எங்கப்பன் சொல்லிக் கேட்டிருக்கறேன். அவரு மொகத்த எனக்குத் தெரியாது. வந்து பழத்த அறுத்தாருன்னா, அவருதான் இவருன்னு கைநாட்டு வெக்கறோம்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். எந்த அலுவலகத்திலும் இதைவிட நியாயமான பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

வள்ளியிடம் போனில் சொன்னேன். ஒரு மரத்துக்காகவா அங்கே இருக்கிறாய் என்றாள். ஆமாம் என்றேன். அக்கா என்னைப் பற்றிக் கேட்டாளா என்றாள். கேட்டாள், உனக்குப் பிள்ளை எத்தனை என்று கேட்டாள் என்றேன்.

அந்த நாட்களில் காலையில் எழுந்ததும் மரத்தடிக்குப் போவேன். காயைத் தட்டிப் பார்ப்பேன். ராமாயி சாமைச் சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், போதுமா என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள். நானும் தப்பு செய்துவிட்டேன் என்ற பேச்சை இரண்டாவது முறை எடுக்கவில்லை. சொன்னால் பதில் சொல்லும் வேலை அவளுக்கு வந்துவிடும்.

7

வைகாசியில் ஒரு காலை, வாசம் வீட்டு வாசலுக்கே வந்தது. சடையன் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, இன்னைக்குத்தானுங்க மாமா என்றான்.

ஊர் முழுக்க வந்திருந்தது. பழம் தலைக்கு மேலே இரண்டு கை உயரத்தில் இருந்தது. மூங்கிலைச் சாத்தினார்கள். அண்ணனைக் கவிழ்த்த அதே மாதிரி ஒற்றை மூங்கில். சடையன் அடியில் கட்டிப் பிடித்துக்கொண்டான். "பாத்துங்க செர்மனிக்காரரே, மேல போனா அந்தப் பக்கம் எறங்கிராதீங்க," என்று யாரோ சொன்னார்கள். இரண்டு கணு ஏறினேன். காம்பில் கொடுவாளை வைத்து அறுத்தேன். பால் வடிந்து முழங்கைவரை ஒட்டியது. பழத்தை இன்னும் இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள், என் கை மட்டும் அதைவிட்டு விலகாதபடி.

ராமாயி முந்தானையை விரித்துப் பிடித்து நின்றாள். அரைத்தலை நரைத்த பெண், சொம்போடு நின்ற அதே இடத்தில்.

எம் பொறுப்பு எறங்கிப்போச்சு, உங்காடு உங்கிட்ட வந்துட்டுது என்று சொல்ல வேண்டும். சொன்னேன். அவள் குனிந்து பழத்தை வாங்கிக்கொண்டாள். பாரத்தில் ஒரு அடி பின்னால் போனாள், பிறகு நிமிர்ந்தாள்.

"அத்தை இருந்திருக்கோணும்," என்றாள். யாரிடமும் இல்லை.

அவளே பிளந்து எல்லோருக்கும் சுளை கொடுத்தாள். என்னிடம் வந்தபோது ஒரு நொடி நின்று, தாண்டிப் போனாள். முறை அது. வாசம் மட்டும் எனக்கு. பிறகு ஊர்க்கவுண்டர் தலையாட்ட, ஆட்கள் கொடுவாளோடு மற்றப் பழங்களை அறுக்க மரத்துக்குப் போனார்கள். அத்தனை வருடமாகக் காத்துக்கிடந்த மரத்தில் ஊராரின் கத்தி முதன்முதலாக விழும் சத்தத்தை மேட்டில் உட்கார்ந்து கேட்டேன். அந்த இடத்திலேயே, இவர்தான் சின்னையன் என்று எழுதிக் கைநாட்டு வைத்தார்கள்.

பிறகு மலை இறங்கிப் போனோம். பத்திரத்தை அங்கே எழுதி வைத்திருந்தார்கள். கையெழுத்துக்கு முன்னால் முழுசாப் படிங்க என்றாள் ராமாயி. பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று பத்திரம் எழுதுபவர் முனகினார். அவள் நகரவில்லை. அவர் படித்தார். தானமாக என்ற சொல் வந்ததும் கையை உயர்த்தினாள்.

"தானம்னு ஒரு எடத்துலயும் இருக்கக் கூடாதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அதை விடுதலைப் பத்திரமாக மாற்றி எழுதச் சொன்னேன். எனக்கு இந்த நிலத்தில் எந்தப் பாத்தியமும் இல்லை என்று நான் விட்டுவிலகும் பத்திரம். அதுவே உண்மைக்கும் பக்கம். பலாக்கன்றுகள் இறங்கிய என் நிலத்தின் ஓரத்தையும் சேர்த்து எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அது உங்களுது, கன்னு வந்துட்டா மண்ணும் வந்துருமா என்றாள். தன்னுடையது அல்லாத ஒரு பிடி மண்ணையும் அவள் வாங்கவில்லை.

8

ஜெர்மனி திரும்பி மறுபடி நோட்டாரிடம் போனேன். அந்த அம்மாள் ஒரே சுருதியில் படித்தார். இந்திய நிலம் என்ற பத்தியில் இப்போது ஒரு துண்டுதான். உங்களுடையதுதானே ஹெர் ஆண்டி என்றார். ஆம் என்றேன். லீனாவுக்குக் காப்பாளர் இடத்தில் காத்ரின் பெயர்தான் இருந்தது. வெளியே வந்ததும் வள்ளி, ராமாயி அக்கா முகவரியை எழுதிக் கொடு என்றாள். எழுதிக் கொடுத்தேன்.

பட்டா மாறிவிட்டதா என்று பார்க்க இப்போது ஆளை அனுப்ப வேண்டாம். கணினியில் மாவட்டம், ஊர், சர்வே எண் கொடுத்தால், கொஞ்சம் தாமதமாகவாவது தெரியும். தினம் காலையில் காப்பியோடு உட்கார்ந்து எண்ணை அடிப்பேன். சின்னையன் என்றே வரும். நான் செத்தாலும் அழியாது போலிருக்கிறது என்று பயம் வந்தது. பிறகு ஒரு காலை திரையில் வேறு எழுத்துகள். ராமாயி. தகப்பனார் வெள்ளையன். அண்ணன் பெயரை அச்சில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காப்பி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே போன் செய்தேன். சடையன் எடுத்து அவளிடம் கொடுத்தான். பட்டா உன் பேருக்கு வந்துவிட்டது என்றேன்.

"ஆமாங்க சித்தப்பா. வந்து ஒரு மாசமாச்சு," என்றாள். எனக்குச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

மோட்டாருக்குக் கரன்ட் கேட்டு எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். மரத்தில் பூ விட்டிருக்கிறதாம். இந்த வருடமும் வைகாசிக்கு வந்துவிடுகிறேன் என்றேன்.

"எதுக்குங்க?" என்றாள். குரலில் கோபம் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். "இந்த வருசம் நாங்களே அறுத்துக்கறோமுங்க."

"சரி கண்ணு," என்றேன்.